மடிக்கும் போன் வாங்கும் முன்: மூடிய நிலையிலிருந்து தொடங்குங்கள்

மூன்று ஆண்டுகளாக, புத்தகம் போல விரியும் ஃபோல்டு வகை போன் ஒன்றைத் தினமும் பயன்படுத்துகிறேன். உறவினர்களிலும் அலுவலகத்திலும் ஏழெட்டுப் பேர் மடிக்கும் போன் வாங்கியபோது கூடப் போயிருக்கிறேன். பெரும்பாலும் எல்லாருமே ஒரே இடத்தில்தான் தடுமாறினார்கள். கடையில் போனைத் திறந்து அந்தப் பெரிய திரையைப் பார்த்த நிமிடமே முடிவெடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, நாளில் பாதிக்கு மேல் அது மூடியே இருக்கிறது என்று.

அதனால் இந்த வழிகாட்டியின் வரிசை கொஞ்சம் தலைகீழாக இருக்கும். முதலில் உங்கள் பழக்கம், அடுத்து சர்வீஸ், அப்புறம் பணம், கடைசியில்தான் கடை. இந்த வரிசையை மாற்ற வேண்டாம். கடைக்குள் நுழைந்த பிறகு முதல் மூன்றையும் யோசிக்க யாருக்கும் பொறுமை இருக்காது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை: இப்போதைய போனின் ஒரு வார உபயோகக் கணக்கு, நீங்கள் அடிக்கடி படிக்கும் ஒரு பிடிஎஃப், உங்கள் ஊருக்குப் பக்கத்தில் உள்ள சர்வீஸ் சென்டர்களின் முகவரி.

1. ஒரு வாரம் உங்கள் போனைக் கவனியுங்கள்

ஆண்ட்ராய்டு போனில் அமைப்புகளுக்குள் டிஜிட்டல் வெல்பீயிங் என்ற பகுதி இருக்கும். ஒரு நாளில் எத்தனை முறை அன்லாக் செய்தீர்கள், எந்தச் செயலியில் எவ்வளவு நேரம் இருந்தீர்கள் என்று அது காட்டும். ஐபோனில் ஸ்கிரீன் டைம். ஏழு நாள் கணக்கைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அதில் இரண்டு எண்களைத்தான் தேட வேண்டும். ஒன்று, ஒரு நிமிடத்துக்குள் முடிகிற வேலைகள்: யுபிஐ கட்டணம், ஓடிபி, வாட்ஸ்அப் பதில், அழைப்பு. இன்னொன்று, பத்து நிமிடத்துக்கு மேல் உட்கார்ந்து செய்கிற வேலைகள்: படிப்பது, எக்செல், வீடியோ, வரைபடம் பார்ப்பது.

சின்ன வேலைகள் எல்லாம் மூடிய நிலையில் வெளித்திரையில் நடக்கும். நீண்ட வேலைகளுக்குத்தான் போனைத் திறப்பீர்கள். நீண்ட வேலை அரை மணி நேரம்கூட இல்லை என்றால் ஃபோல்டு வகை உங்களுக்குத் தேவையே இல்லை. இதைச் சொன்னபோது கோபித்துக்கொண்ட நண்பர் ஒருவர், வாங்கிய ஆறாவது மாதம் உள்திரையைத் திறப்பதையே விட்டுவிட்டார்.

2. ஃபோல்டா, ஃபிளிப்பா

இரண்டையும் மடிக்கும் போன் என்றே சொல்கிறோம். ஆனால் அவை தீர்க்கிற பிரச்சினைகள் வேறு. ஃபோல்டு என்பது புத்தகம் போலத் திறந்து சின்ன டேப்லெட் ஆவது. ஃபிளிப் என்பது சாதாரண அளவு போன் பாதியாக மடிந்து பவுடர் டப்பா அளவுக்கு ஆவது. முதலாவது திரை போதாதவர்களுக்கு, இரண்டாவது பை போதாதவர்களுக்கு.

ஃபோல்டு வாங்க வருகிறவர்கள் சொல்கிற முதல் காரணம் படம் பார்ப்பது. இதை நான் அளந்தே பார்த்தேன். 8 அங்குல உள்திரை கிட்டத்தட்டச் சதுரம். அதில் வழக்கமான 16:9 யூடியூப் வீடியோ மூலைக்கு மூலை சுமார் 6.8 அங்குலம் வருகிறது. 6.8 அங்குல சாதாரண போனில் அதே வீடியோ 5.7 அங்குலம்தான். பரப்பில் நாற்பது சதவீதம் அதிகம் என்பதால் அங்கே லாபம் உண்டு.

ஆனால் சினிமாஸ்கோப் படம் வேறு கதை. நம் படங்களில் பெரும்பாலானவை அந்த அகலத் திரைக்காக எடுக்கப்பட்டவை. ஃபோல்டில் அந்தப் படத்தின் அகலம் சுமார் 15.1 செ.மீ., 6.8 அங்குல சாதாரண போனில் 15.7 செ.மீ. ஃபோல்டில் படம் ஒரு துளி சின்னதாகிறது, மேலும் கீழும் கறுப்புப் பட்டை. படம் பார்க்க மட்டும் ஒன்றரை லட்சம் கொடுக்காதீர்கள்.

ஃபோல்டின் உண்மையான பலம் படிப்பதில் இருக்கிறது. ஏ4 தாளில் 11 புள்ளி (பாயிண்ட்) எழுத்தளவில் அச்சான அரசாணையையோ பத்திர நகலையோ திறந்து, பக்கத்தின் முழு அகலமும் தெரியும்படி வைத்துப் பாருங்கள். சாதாரண போனில் எழுத்து நான்கு புள்ளிக்கும் கீழே சுருங்கிவிடும். ‘ண’வா ‘ன’வா என்று சுழி எண்ண முடியாது. ஃபோல்டில் ஏழு புள்ளி அளவில் நிற்கும், பெரிதாக்காமலே படிக்கலாம். ஒரு பக்கம் பிடிஎஃப், இன்னொரு பக்கம் குறிப்பேடு என்று வைத்து வேலை செய்கிறவர்களுக்கும் இதே பலன். தமிழில் நிறையப் படிப்பவர், கணக்கு பார்ப்பவர், வரைபடங்களோடு வேலை செய்பவர் என்றால் ஃபோல்டு.

ஃபிளிப்பில் பார்க்க வேண்டியது வெளித்திரை. சாம்சங்கின் கேலக்ஸி இசட் ஃபிளிப்6 இல் அது 3.4 அங்குலம், ஃபிளிப்7 இல் 4.1. மோட்டோரோலா ரேசர் 60 இல் 3.6. அளவைவிட முக்கியம், அங்கே எந்தச் செயலி ஓடும் என்பது. சாம்சங்கில் எல்லாச் செயலிகளையும் வெளித்திரைக்குக் கொண்டுவர குட் லாக் என்ற தனிச் செயலியை நிறுவி அமைக்க வேண்டும். ரேசரில் பெரும்பாலானவை நேராகவே திறக்கும். மளிகைக் கடையில் க்யூஆர் ஸ்கேன் செய்ய ஒவ்வொரு தடவையும் போனை விரிக்க வேண்டியிருந்தால், மடிப்பது ஒரு வாரத்தில் அலுத்துவிடும்.

இடையில் ஒரு வார்த்தை. செல்ஃபி அதிகம் எடுப்பவர்களுக்கு ஃபிளிப் நல்லது. பின்பக்க முதன்மைக் கேமராவாலேயே, வெளித்திரையில் முகத்தைப் பார்த்தபடி எடுக்கலாம். முன்கேமரா இந்தத் தரத்துக்கு வராது.

3. போனுக்கு முன் சர்வீஸ் சென்டரைத் தேர்ந்தெடுங்கள்

பிடித்த மாடலை முடிவு செய்துவிட்டு சர்வீஸைப் பற்றி யோசிப்பதுதான் நான் பார்த்த பெரிய தவறு. மடிக்கும் போனை ஊர் முனையிலுள்ள மொபைல் கடையில் சரிசெய்ய முடியாது. உள்திரை கண்ணாடி பல மாடல்களில் முடியைவிட மெல்லியது. திரையை மாற்றும்போது பல மாடல்களில் அதோடு ஒட்டிய சட்டமும் கீலும் சேர்ந்தே மாறும். அதற்கான கருவியும் உதிரியும் நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட மையத்தில்தான் கிடைக்கும்.

எனவே நீங்கள் யோசிக்கும் ஒவ்வொரு நிறுவனத்தின் மையத்துக்கும் போன் செய்து மூன்று கேள்வி கேளுங்கள். இந்த மாடலின் உள்திரையை இங்கேயே மாற்றுவீர்களா, வேறு ஊருக்கு அனுப்புவீர்களா? வாரண்டி இல்லாவிட்டால் உள்திரை மாற்ற மொத்தம் எவ்வளவு ஆகும்? உள்திரை மேலுள்ள படலத்தை மட்டும் மாற்ற எவ்வளவு, எத்தனை நாள்?

பதிலைத் தேதியோடு எழுதிவையுங்கள். ‘இங்கே செய்வதில்லை, சென்னைக்கு அனுப்புவோம்’ என்று வந்தால், போன் இல்லாமல் எத்தனை நாள் இருக்க வேண்டும் என்பதையும் கேளுங்கள். வங்கி, ஆதார் ஓடிபி எல்லாம் அந்தப் போனில் இருக்கும்போது அந்த நாட்கள் மிக நீளமானவை. என் போனின் படலம் பதினான்காவது மாதத்தில் மடிப்புக் கோட்டின் மேல் குமிழ் விட்டது. இருபது நிமிடப் பயணத்தில் மையம் இருந்ததால் அன்று மாலையே சரியானது. வெளியூரில் இருக்கும் என் மைத்துனருக்கு அதே வேலைக்குப் பதினொரு நாள் ஆனது.

4. விலை என்பது மூன்று தொகைகளின் கூட்டல்

போனின் விலை, பாதுகாப்புத் திட்டத்தின் விலை, நல்ல உறையின் விலை. இந்த மூன்றையும் கூட்டி வருவதுதான் உங்கள் பட்ஜெட்டுக்குள் வர வேண்டும். முதல் தொகைக்கே எல்லாப் பணத்தையும் ஒதுக்கிவிட்டால் பாதுகாப்புத் திட்டத்தை விட்டுவிடத் தோன்றும். மடிக்கும் போனில் அதை மட்டும் விடக்கூடாது. மூன்றாம் படியில் எழுதிவைத்த உள்திரை விலையைத் திட்டத்தின் விலையோடு ஒப்பிட்டாலே காரணம் புரியும்.

விலைகளின் வீச்சு தெரிய, 2025 இல் இந்தியாவில் வெளியானபோது இருந்த தொகைகள்: ரேசர் 60, ரூ.49,999. ஃபிளிப்7 இன் விலை குறைந்த பதிப்பான ஃபிளிப்7 எஃப்ஈ, ரூ.89,999. ஃபிளிப்7, ரூ.1,09,999. விவோ எக்ஸ் ஃபோல்டு5, ரூ.1,49,999. கேலக்ஸி இசட் ஃபோல்டு7, ரூ.1,74,999. வங்கிச் சலுகையும் எக்ஸ்சேஞ்சும் சேர்ந்தால் இது மாறும். புது மாடல் வந்த சில வாரங்களில் போன தலைமுறை நன்றாக இறங்கும்.

திட்டம் எடுக்கும்போது இரண்டைக் கேளுங்கள். தவறி விழுந்தால் உள்திரைக்கும் பொருந்துமா, ஒவ்வொரு முறையும் நாம் கட்ட வேண்டிய பங்கு எவ்வளவு. போன் வாங்கிய சில நாட்களுக்குள்தான் சேர முடியும் என்ற நிபந்தனை வழக்கமாக இருக்கும், அந்தக் கடைசித் தேதியையும் கேட்டு பில்லின் பின்புறம் எழுதிவிடுங்கள்.

5. ஐபி எண்ணைப் பிரித்துப் படியுங்கள்

ஐபி48, ஐபிஎக்ஸ்8 என்று அட்டைப்பெட்டியில் இருப்பதைப் பார்த்து ‘வாட்டர் ப்ரூஃப்’ என்று மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். முதல் இலக்கம் தூசி, இரண்டாவது தண்ணீர். எக்ஸ் என்றால் அந்தச் சோதனைக்கான மதிப்பீடு தரப்படவில்லை என்று பொருள். 4 என்றால் ஒரு மில்லிமீட்டரைவிடப் பெரிய துகள் உள்ளே போகாது. 5 என்றால் தூசி கொஞ்சம் புகலாம், இயக்கத்தைக் கெடுக்காது. 6 என்றால் தூசியே புகாது.

இப்போது யோசித்துப் பாருங்கள். கடற்கரை மணல் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரைவிடச் சின்னது. சட்டைப் பையிலிருக்கும் விபூதிப் பொட்டலத்தின் தூள் அதைவிட எவ்வளவோ நுண்மையானது. ஃபோல்டு7 ஐபி48. ஆகவே தண்ணீரில் மூழ்கினாலும் தாக்குப்பிடிக்கலாம், மணலில் வைக்கக்கூடாது. கீலின் பற்களுக்கிடையே போகும் ஒரு மணல் துகள், மூடும்போது திரையை உள்பக்கமிருந்து குத்தும். தூசிக்கு இதைவிட மேலான எண் வேண்டும் என்றால் விவோ எக்ஸ் ஃபோல்டு5 தூசிக்கு 5 தருகிறது. கூகுளின் பிக்சல் 10 ப்ரோ ஃபோல்டு ஐபி68, தூசிக்கு முழு மதிப்பெண்.

கட்டுமான இடம், மாவு மில், செங்கல் சூளை, கடலோரம் என்று வேலை செய்பவர்களுக்கு இந்த ஒரு படியே முடிவைத் தீர்மானிக்க வேண்டும்.

6. கடையில் அரை மணி நேரம்

இப்போதுதான் கடை. டெமோ பீஸ் உள்ள கடைக்குப் போங்கள், ஆன்லைனில் வாங்குவதாக இருந்தாலும். கூட்டமில்லாத வார நாள் மதியம் நல்லது.

முதல் பத்து நிமிடம் திறக்காதீர்கள். மூடியபடியே வெளித்திரையில் நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் விசைப்பலகையில் தமிழில் நான்கு வரி தட்டுங்கள். பழைய ஃபோல்டு மாடல்களின் வெளித்திரை ஒடுக்கமானது, தமிழில் ஒரு வரிசையில் எழுத்துகள் அதிகம் என்பதால் பக்கத்து எழுத்தில் விரல் படும். ஆங்கிலத்தில் தட்டிப் பார்த்து ‘சரி’ என்று சொல்லிவிட்டு வந்தவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். பிறகு சட்டைப் பையில் போட்டுக் குனியுங்கள். 2024 இன் ஃபோல்டு6 எடை 239 கிராம், மூடினால் தடிமன் 12.1 மி.மீ. அடுத்த ஆண்டு ஃபோல்டு7 இல் 215 கிராம், 8.9 மி.மீ. எழுத்தில் சின்ன வித்தியாசமாகத் தெரியும் இது, சட்டைப் பை இழுபடும்போது பெரிதாகத் தெரியும்.

அடுத்து திறந்து, உங்கள் பிடிஎஃபை ஏற்றுங்கள். ஐந்து நிமிடம் நின்றபடி படியுங்கள். மணிக்கட்டு வலிக்கிறதா என்று அப்போதுதான் தெரியும். மடிப்புக் கோட்டை நேராகப் பார்த்தால் தெரியாது, டியூப்லைட் பட்டுத் தெறிக்கும் கோணத்துக்குச் சாய்த்துப் பாருங்கள். அதன்மேல் விரலை ஓட்டுங்கள். கண்ணுக்குப் பழகிவிடும், விரலுக்குத்தான் சிலருக்குப் பழகுவதில்லை. வரைகிறவர்கள் இதில் கவனமாக இருங்கள். சொல்லப்போனால், திரையில் எழுதும் சாம்சங் பேனாவான எஸ் பென் வேண்டும் என்பவர்களுக்கு ஃபோல்டு7 உதவாது, அதில் அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். ஃபோல்டு3 முதல் ஃபோல்டு6 வரை உண்டு, அதுவும் மென்மையான முனை கொண்ட தனிப் பேனாவோடு மட்டும்.

கடைசியாகக் கீல். தொண்ணூறு பாகையில் நிறுத்தி மேசைமேல் வையுங்கள், நிற்க வேண்டும். காதருகே வைத்து மெதுவாக மூடித் திறங்கள். சீரான இறுக்கம் இருந்தால் நல்லது. நற நற என்று சத்தம் வந்தால் உள்ளே தூசி இருக்கலாம்.

7. பேட்டரி, அப்டேட்

இங்கே அதிகம் யோசிக்க வேண்டியதில்லை, இரண்டு எண்கள் போதும். ஃபோல்டு7 இல் 4,400 எம்ஏஎச், விவோ எக்ஸ் ஃபோல்டு5 இல் 6,000. உள்திரையில் நீண்ட நேரம் வேலை செய்பவர்களுக்கு அந்த வித்தியாசம் மாலை ஆறு மணிக்குத் தெரியும். அப்டேட் விஷயத்தில் சாம்சங் 2024 முதல் வந்த ஃபோல்டு, ஃபிளிப் மாடல்களுக்கு ஏழு ஆண்டு தருவதாகச் சொல்கிறது. ரேசர் வரிசையில் குறைவு. வங்கிச் செயலிகளை நம்பியிருப்பவர்கள் பாதுகாப்பு அப்டேட் எத்தனை ஆண்டு என்று பார்த்தே வாங்க வேண்டும்.

8. பழைய போன் வாங்குவதாக இருந்தால்

மடிக்கும் போன்கள் மறுவிற்பனையில் வேகமாக விலை இறங்கும். அதனால் செகண்ட் ஹேண்டில் ஆசை வருவது இயல்பு. ஆனால் சில சோதனைகள் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.

முகப்பில் ஒரு செயலியின் சின்னத்தை அழுத்திப் பிடித்து, திரை முழுவதும் வரி வரியாக உழுவதுபோல இழுத்துச் செல்லுங்கள். எங்காவது சின்னம் கையை விட்டு நழுவினால் அந்த இடத்தில் தொடுஉணர்வு போய்விட்டது. மடிப்புக் கோட்டைக் குறுக்கே பலமுறை கடந்து பாருங்கள், முதலில் சாகிற இடம் அதுதான். பிறகு முழு வெள்ளைப் படம் ஒன்றைத் திறந்து, கோட்டின் இரு முனைகளிலும் கறுப்புப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் புள்ளி இன்று மிளகு அளவு, சில வாரங்களில் கோடாக நீளக்கூடும்.

மேசையில் வைத்தால் முழுதாக விரிந்து தட்டையாகப் படுக்கிறதா? இல்லை என்றால் கீல் தளர்ந்திருக்கிறது, அல்லது உள்ளே ஏதோ சிக்கியிருக்கிறது. திரை மாற்றியிருந்தால் சர்வீஸ் மையத்தின் பில்லைக் கேளுங்கள். பில் இல்லாத திரை மாற்றம் என்றால் வேண்டாம். தண்ணீர்ப் பாதுகாப்பையும் பழைய போனில் நம்பாதீர்கள், ஒட்டுப்பசை காலத்தோடு தளர்வது.

9. வாங்கிய அன்று

உள்திரையின் மேல் இருக்கும் படலத்தை உரிக்காதீர்கள். அது கடையில் ஒட்டித் தரும் ஸ்கிரீன் கார்டு அல்ல, திரையின் ஒரு பகுதி. 2019 ஏப்ரலில் முதல் கேலக்ஸி ஃபோல்டைச் சோதிக்க வாங்கிய விமர்சகர்களில் சிலர் அதை உரித்ததால் திரை போனது. வேறு சில போன்களில் உரிக்காமலே கோளாறு வந்தது. விற்பனையே செப்டம்பருக்குத் தள்ளிப்போனது. அப்புறம் விளிம்பை மறைத்து வடிவமைத்தார்கள். ஆனாலும் ஆபத்து முடியவில்லை. என் அலுவலகத் தோழி ஒருவர் வெளித்திரைக்கு டெம்பர்ட் கிளாஸ் போடப் போனபோது, கடைப் பையன் உதவுவதாக நினைத்து உள்படலத்தையும் பிளேடால் நெம்பத் தொடங்கினான். பாதி உரிந்த பிறகுதான் அவர் கவனித்தார். உறை போடுவதானாலும் ஸ்டிக்கர் ஒட்டுவதானாலும் போனைக் கையை விட்டுக் கொடுக்காதீர்கள்.

வெளித்திரைக்கு யுவி பசை வைத்து ஒட்டும் கண்ணாடியும் வேண்டாம். அந்தத் திரவம் கீலுக்குள்ளோ ஒலிபெருக்கித் துளைக்குள்ளோ வழிந்தால் எடுக்க முடியாது.

நகத்தால் உள்திரையை அழுத்த வேண்டாம், பள்ளம் விழும். மூடும் முன் நடுவில் ஒன்றும் இல்லை என்று ஒருமுறை பாருங்கள். பைக்கில் நான்கு கால் கவ்வி போல் பிடிக்கும் தாங்கியில் மாட்டாதீர்கள். கீலிலும் விளிம்பிலும் அழுத்தம் விழும், அதிர்வு கேமராவையும் கெடுக்கும். இந்தப் போன்களில் காந்தங்கள் உண்டு. வீட்டில் பேஸ்மேக்கர் வைத்தவர் இருந்தால் அவர் சட்டைப் பையில் இது போகவே கூடாது.

10. முதல் பத்து நாள்

மாற்றிக் கொடுக்கும் கெடு கடைக்குக் கடை மாறும், சில இடங்களில் ஏழு நாள்தான். பில் போடும்போதே கேளுங்கள். அதற்குள் எட்டாம் படியிலுள்ள சோதனைகளைப் புதுப் போனிலும் செய்யுங்கள். ஐந்தாம் நாளும் செய்யுங்கள், கெடு முடிவதற்கு முந்தைய நாளும் செய்யுங்கள். திரைக் கோளாறுகளில் சில, மடித்து விரித்த சில நாட்களுக்குப் பிறகுதான் வெளியே வரும்.

தினமும் பயன்படுத்தும் செயலிகள் ஒவ்வொன்றையும் உள்திரையில் ஒருமுறை திறங்கள். சில வங்கிச் செயலிகள் நடுவில் ஒடுக்கமாக நின்றுவிடும், சில பாதி திறந்து மூடினால் மறுபடி லாகின் கேட்கும். பரிவர்த்தனை நடுவில் போனை மூடிப் பாருங்கள், பத்து ரூபாய் அனுப்பிச் சோதித்தால் போதும். உங்கள் முக்கியமான செயலி இதில் தோற்றால், கெடு முடியும் முன் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கடையில் பேசுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தால், பத்தாம் நாள் உள்திரையை வெள்ளைப் படத்தோடு திறந்து வைத்து, இன்னொரு போனில் நேராக ஒன்றும் சாய்வாக ஒன்றும் படம் எடுத்துவையுங்கள். படலம் குமிழ் விடும்போதோ புள்ளி தோன்றும்போதோ சர்வீஸ் மையத்தில் ‘இது முன்பே இருந்ததா?’ என்று கேட்பார்கள். அந்தப் படங்களைத் தேதியோடு காட்டலாம்.